கையில் உப்பில்லாமல்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்து வயல் வட்டைகளில் மாட்டுக்கு இடமில்லை. அதுவரை வயல்வெளி முழுவதும் தங்கள் சொத்து என்று திரிந்த மாடுகள், விதைநெல் மண்ணில் விழுந்த அன்றே குற்றவாளிகளாகிவிடும். ஒரு வாய்ப் பயிரைக் கடித்தாலும் போதும், வயற்காரர் விடியுமுன்னே நம் வாசலில் நிற்பார். அதனால் விதைப்புக்கு முன்பே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே நடப்போம். கடைசி வட்டையையும் கடைசிக் குளத்தையும் தாண்டினால் காட்டோரத்து மேய்ச்சல் தரை. அறுவடை முடிந்து மாசிக் கடைசியிலோ பங்குனியிலோதான் திரும்புவது. அந்த மாரிகாலம் முழுவதும் எனக்கு வீடு என்பது ஒரு வாடி. காட்டுத்தடிகளை நட்டு, காத்தான்குடிக் கடையில் வாங்கிய நீலத் தறப்பாளை மேலே இழுத்துக் கட்டினால் வாடி முடிந்தது. பக்கத்தில் முள்ளடைத்த பட்டி. அதில் மாடுகள் அடையும். மாடுகளின் கூரை என் கூரையை விட உறுதியானது, ஏனென்றால் அவற்றுக்குக் கூரையே கிடையாது.

நான் பிறப்பால் மாட்டுக்காரன் இல்லை. பெரியகல்லாற்றில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே பிறந்து வலையோடு வளர்ந்தவன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கலியாணம் கட்டினேன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வளவு அவளுடையது, வீடு அவளுடையது, மாடுகளும் அவளுடையவை. ஒவ்வொரு மாட்டின் பின்தொடையிலும் சுட்டிருப்பது அவளுடைய தாய்வழிக் குடியின் குறி. அந்தப் பட்டியில் குறி சுடப்படாத ஒரே உருப்படி நான்தான் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். மாரி தோறும் வாடியில் என்னோடு இருப்பவன் அவன் ஒருவன்தான். ஒரே பானையில் சோறு தின்று, ஒரே தறப்பாளின் கீழ் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு பதினாறு மாரி கழித்துவிட்டோம்.

முதல் மாரிக்கு அவளும் என்னோடு வந்தாள். வந்த மூன்றாம் நாள் பின்னேரம், மாடுகளைப் பட்டிக்குக் கூப்பிடும்படி என்னை அனுப்பினார்கள். கடலில் தோணிக்குத் தோணி கூப்பிட்டுப் பழகிய தொண்டைதானே என்ற நம்பிக்கையில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் கத்தினேன். ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னைக் கண்டதும் திரும்பவும் மேயத் தொடங்கிவிட்டது. மச்சான் வாடிக்குள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்த தேநீர்க் கேத்திலை இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். கையை வாயருகே வைத்துத் தாழ்ந்த குரலில் தொடங்கி, மெல்ல மெல்ல இழுத்துக் கடைசியில் "வா... வா..." என்று முடித்தாள். பற்றைக்குப் பின்னால் இருந்தவை, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவை, நான் இருப்பதாகவே அறியாதவை எல்லாம் கழுத்து மரமணிகள் ஆட வந்து சேர்ந்தன. அவள் மடியிலிருந்து உப்பை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நக்கக் கொடுத்தாள்.

"கேளுங்க," என்றாள். "வெறுங்கையோட ஒரு நாளும் கூப்பிடப்படாது. கையில உப்பு இருந்தாத்தான் கூப்பிடணும். சும்மா கூப்பிட்டு ஏமாத்தினா, மறுகா நாம செத்துக் கிடந்தாலும் அதுகள் வராதுகள்."

அதுதான் நான் படித்த முதல் பாடம். மாரி மழைக்கு உப்புக் கசிந்து போகும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு வாடியின் நடுக்கம்பில் கட்டித் தொங்கவிடுவோம். அரிசி நனைந்தாலும் பரவாயில்லை, உப்பு நனையக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நாங்கள் மாட்டை எண்ணுவதில்லை. எண்ணினால் குறையும் என்று ஒரு பயம். அதோடு எண்ணத் தேவையும் இல்லை. பட்டிக்குள் எல்லாம் அடைந்த பிறகு ஒருதரம் கண்ணை ஓட்டினால் போதும், எது இல்லையோ அதன் இடம் வெறுமையாகத் தெரியும். அது எனக்குப் பிடிபட இரண்டு மாரி எடுத்தது.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை என் மனைவி மாரிக்கு மாரி வாடிக்கு வந்தாள். அந்த மாரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. என்ன இருந்தது அதில் பெரிதாக? அட்டைக் கடி, ஈர விறகு, புகை, ஒரு கிழமைக்கு ஒருதரம் தரிசனம் தருகிற யானை, அதற்காக எப்போதும் எட்டும் தூரத்தில் வைத்திருந்த யானை வெடி. விடியற்காலையில் அவள் கன்றை அவிழ்த்துவிட்டுப் பால் கறப்பாள். குந்தியிருந்தபடியே தலையைப் பசுவின் வயிற்றில் சாய்த்துக்கொள்வாள், ஏதோ இரகசியம் கேட்பவள்போல. மச்சான் பால் கான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தார் ரோட்டுக்கு வரும் பால் வான் வண்டிக்கு ஓடுவான். மிஞ்சிய பாலை அவள் சட்டிகளில் உறைய வைப்பாள். மத்தியானத்தில் மழை விட்டால் குளத்தில் நான் தூண்டில் போடுவேன். அகப்பட்ட இரண்டு செல்வன் மீனைக் கொண்டுவந்து கொடுத்தால், "கல்லாத்து ஆக்களுக்கு இதாவது வருதே," என்பாள். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்காகத்தான் நான் ஏங்குகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாடு மேய்க்கிறவன் சொல்லக் கூடாத சொல் என்றாலும் சொல்கிறேன். ஏங்குகிறேன்.

வீடு கட்டத் தொடங்கி, சுவர் நெஞ்சளவு வந்ததோடு நின்றுபோனது. சுவருக்குள் எருக்கலைச் செடி முளைத்தது. அவள் குவைத்துக்குப் போகப் போகிறேன் என்றாள். ஒரு வீட்டில் சமையல் வேலை, இரண்டு வருடம், கூரையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றாள். மகளை அதே வளவில் இருக்கும் அவளுடைய தங்கை பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவளை ஏற்றிப்போக வான் வந்து நின்றது. அவள் வாவியோரத்து ரோட்டில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், வழக்கத்தை விட மெதுவாக நடந்தாள். நான் வாசலில் நின்றேன். என் கையில் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை. எருக்கலை முளைத்த சுவர்தான் இருந்தது. அதைக் காட்டியா ஒருத்தியைத் திரும்ப வா என்று கூப்பிடுவது? கூப்பிடவில்லை.

இரண்டு வருடத்தில் கூரை ஏறியது. நான் அவளை வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுவர் பூசாமல் கிடந்தது. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு வருடம் என்று ஆனது. சுவர் பூசி, கதவு யன்னல் போட்டோம். சமைக்கிற இடம், குசினி, பாக்கி. குசினி முடிந்ததும் கூப்பிடுவேன் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவளிடம் சொன்னதில்லை. கையில் உப்பு வந்த பிறகுதானே வாயைத் திறக்க வேண்டும்.

வாடியில் சிக்னல் கிடையாது. அரைக் கட்டை, ஏறக்குறைய அரை மைல் தூரத்தில், மேய்ச்சல் தரையின் நடுவில், ஒரு பெரிய கல் உண்டு. அதன் உச்சியில் ஏறி நின்றால் எங்கிருந்தோ போனில் இரண்டு கோடு வரும். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. எங்கள் நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு அழைப்பாள். மழையோ வெயிலோ நான் இரண்டரைக்கே கல்லில் ஏறிவிடுவேன். போன் நனையாமல் பொலித்தீன் பைக்குள் போட்டு, பையோடு காதில் வைத்துப் பேசுவேன். மச்சான் அதற்கு வெள்ளிக்கிழமைப் பூசை என்று பெயர் வைத்திருக்கிறான்.

என்ன பேசுவோம்? மகள் படிக்கிறாளா, மழை எப்படி, எந்த மாடு கன்று போட்டது. அவள் கடைசியில் எப்போதும் ஒரு பசுவைக் கேட்பாள். கலியாணத்துக்குச் சீதனமாக அவளுடைய தகப்பன் கொடுத்த, அப்போது கன்று ஈனாத நாகு அது. இப்போது கிழடு, ஒரு கொம்பு கண்ணுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டியில் பாதி அதன் வயிற்றில் பிறந்தவை, அவற்றின் வயிற்றில் பிறந்தவை. என்னைப் பற்றிக் கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன். நல்லா இருக்கிறோம், ஒன்றுக்கும் யோசிக்காதே. காய்ச்சலில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னேன். தூரத்தில் இருப்பவளை ஏன் கலங்க வைப்பது என்று எனக்கு நானே ஒரு பெரிய மனிசத்தனம் காட்டிக்கொண்டேன்.

போன மாரி, மார்கழி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"இஞ்சாருங்க, மேடம் கேக்கிறா. இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறியா, இல்லாட்டி வேற ஆளப் பாக்கவா எண்டு. வாற வெள்ளிக்குள்ள மறுமொழி சொல்லணும்."

"நீ என்ன நினைக்கிறாய் புள்ள?"

"நான் உங்களத்தான் கேக்கிறன்."

குசினியின் அத்திவாரம் கண்ணுக்குள் வந்தது. "எனக்கென்ன, நாங்க இஞ்ச நல்லாத்தான் இருக்கம். நீ உன்ர விருப்பம்போலச் செய்," என்றேன்.

கோடு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இரண்டு கோடும் இருந்தன.

"பசு எப்பிடி?" என்றாள்.

"இருக்கு. கிழடு தட்டிட்டு. தின்னுது."

"அதையாவது ஒழுங்காப் பாத்துக் கொள்ளுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாடிக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். அவன் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வா எண்டு வாயத் திறந்து சொன்னியா?" என்றான்.

"குசினி முடியல்லையே மச்சான்."

"குசினியப் பாக்கவா அவள் வரப்போறாள்?" கயிற்றை இறுக்கிவிட்டு அவன் போய்விட்டான். தங்கைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சோறு கூட அவன் முகத்தைப் பார்த்துத் தின்னவில்லை.

அந்தக் கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை முழுவதும் வானம் விடவில்லை, ஓடை கரை புரண்டது. வியாழன் பின்னேரம் மாடுகள் அடைந்த பிறகு பட்டியில் கண்ணை ஓட்டினேன். வாசலோரத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. கிழட்டுப் பசு இல்லை.

மச்சானும் நானும் வெளிச்சம் உள்ளவரை தேடினோம். வெள்ளி விடிந்ததும் மழை விட்டது. அவன் பாலோடு ரோட்டுக்குப் போனான். நான் ஓர் உறையில் உப்பைப் போட்டு, காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடைக் கரையோடு நடந்தேன். நூறு அடிக்கு ஒருதரம் நின்று கூப்பிட்டேன். தாழத் தொடங்கி, மெல்ல இழுத்து, வா என்று முடித்து. இடுப்பளவு தண்ணீரில் பள்ளங்களைக் கடந்தேன், முள்ளுக்குள் புகுந்தேன். அவளுக்கு என்ன சொல்வது என்பதுதான் மனம் முழுக்க. அதையாவது பார்த்துக்கொள் என்றாளே. பார்த்த லட்சணம் இது.

மத்தியானம் திரும்பிய பிறகு அந்தப் பக்கக் கரையிலிருந்து மரமணிச் சத்தம் கேட்டது. ஒரு மருத மரத்தின் அடியில் பசு நின்றது. தண்ணீர் ஏறியபோது அக்கரையில் அகப்பட்டிருக்க வேண்டும். நடுவில் மண்நிறத்தில் ஓடை. மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. கல்லாற்றுக்காரன் என்றாலும் அதில் இறங்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். கூப்பிட்டேன்.

பசு தலையைத் தூக்கியது. இரண்டாம் தரம் கூப்பிட முன்பே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இறங்காதே என்று கத்தத் தோன்றியது, ஆனால் கூப்பிட்டவனே நான். இழுத்துக்கொண்டு போனது. தொங்கு கொம்பும் மூக்கும் மட்டும் தெரிந்தன. நான் கரையோடு ஓடினேன். ஒரு வளைவில் கால் தரித்து, நடுங்கிக்கொண்டு கரையேறியது.

உப்பை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். உறை கிழிந்திருந்தது. பள்ளங்களைக் கடந்தபோதே உப்பெல்லாம் கரைந்து போயிருந்தது. அவ்வளவு நேரமும் நான் வெறுங்கையோடுதான் கூப்பிட்டிருக்கிறேன். பசு என் உள்ளங்கையை நக்கிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்று அதற்கும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். அது போகவில்லை. ஈரத் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு நேரம் உறைத்தது, வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆகப்போகிறது. பசுவை நடக்கவிட்டு, அது வரும் வேகத்தில் வரட்டும் என்று நான் கல்லை நோக்கி ஓடினேன். நாற்பத்தைந்து வயதில் அப்படி ஓடக் கூடாது. கல்லில் ஏறி, சட்டைப் பையில் பொலித்தீனுக்குள் இருந்த போனைப் பார்த்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. அவள் இரண்டு தரம் அழைத்ததாகக் குறுஞ்செய்தி வந்து கிடந்தது. நானே அழைத்தேன். உடனே எடுத்தாள்.

"ஏன் மூச்சு வாங்குது? பசுவுக்கு என்னவும் நடந்துட்டா?"

"பசு இருக்கு. புள்ள, நீ வந்திரு."

"என்ன?"

"வந்திரு. எனக்கு ஏலாது. குசினியும் வேணாம் ஒண்டும் வேணாம். நீ வா."

அங்கே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"இண்டைக்குக் காலமதான் கையெழுத்து வச்சன்," என்றாள். "பாஸ்போர்ட்டையும் குடுத்திட்டன். இனி ரெண்டு வருசம்."

கல்லில் அப்படியே குந்திவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள், குரல் உயரவில்லை.

"நாலு வருசமாப் பாத்துக்கொண்டிருந்தன். ஒரு வெள்ளிக்கிழமை கூட நீங்க வா எண்டு சொல்லல்ல. போன நாளிலயும் மெதுவாத்தானே நடந்தன். நான் இல்லாமலே உங்களுக்குச் சுகமாக்கும் எண்டு நினைச்சன்."

"கையில ஒண்டும் இல்லாம எப்பிடிப் புள்ள கூப்பிடுறது? நீதானே சொல்லித் தந்தாய்."



"அது மாட்டுக்குத்தானே சொன்னன்," என்றாள்.

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, கல்லின் உச்சியில் என்னைப் பார்க்க ஒரு கொக்கு மட்டும்தான் இருந்தது. மூக்கை உறிஞ்சிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்க," என்றாள். "மாட்டக் கூப்பிடுறமாதிரிக் கூப்பிடுங்க. நான் கேக்கணும்."

எழுந்து நின்றேன். போனைப் பிடித்த கையை முன்னே நீட்டிக்கொண்டு, மற்றக் கையை வாயருகே வைத்து, அவள் சொல்லித் தந்தபடியே தாழ்ந்த குரலில் தொடங்கினேன். இழுத்தேன். கடைசிச் சொல்லை அதற்கு முன்பும் பின்பும் நான் அவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. பற்றைகளுக்குள்ளிருந்து மரமணிகள் கேட்கத் தொடங்கின. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாப் பக்கமும். மாடுகள் வந்து கல்லைச் சுற்றி நின்று என்னை அண்ணாந்து பார்த்தன. கிழட்டுப் பசுவும் கடைசியாக வந்து சேர்ந்தது, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு.

"மணி கேக்குது," என்றாள். "எல்லாம் வந்திட்டுதா?"

நான் கண்ணை ஓட்டிப் பார்த்தேன்.

"ஒண்டு குறையுது புள்ள," என்றேன்.

கோடு இருக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தோம். அது போனதும் கல்லை விட்டு இறங்கினேன். கூப்பிட்டவற்றுக்கு உப்புக் கொடுக்க வேண்டும், உப்பு வாடியில் இருந்தது. நான் முன்னே நடந்தேன், மாடுகள் பின்னால் வந்தன.